எந்தக் காட்சி, ஏன் பிடித்தது? – வாசகர் சினிமா கேள்வி பதில்

அண்மையில் பார்த்த படம், பிடித்த நடிகர் என்ற இரண்டையும் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "சூப்பர்", "சரியில்லை" என்ற அளவிலேயே நின்றுவிட்டன. "ஏன்", "எப்படி" என்று கேட்டு எழுதியவர்களுக்கே இந்த இதழில் இடம் கொடுத்திருக்கிறோம். பதில்கள் எமது சினிமாப் பக்கக் குழுவினருடையவை.

'கொட்டுக்காளி' பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. கூட இருந்த நண்பர்கள், "பாட்டும் இல்ல, மியூசிக்கும் இல்ல, இதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எப்படிச் சொல்வது?
– உயர்தர மாணவர், ஹட்டன்

நண்பர்கள் கவனித்தது சரிதான். பின்னணி இசை அறவே வேண்டாம் என்று முடிவு செய்தே இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் அந்தப் படத்தை எடுத்தார். 2024 ஓகஸ்ட்டில் வெளியானது. வழக்கமான படத்தில் எங்கே பயப்பட வேண்டும், எங்கே கண் கலங்க வேண்டும் என்பதை இசை முன்கூட்டியே சொல்லிவிடும். அதை எடுத்துவிட்டதால் ஓட்டோ இரைச்சல், காற்று, கட்டிவைத்த சேவலின் சிறகடிப்பு எல்லாம் முன்னுக்கு வருகின்றன. இன்னொன்றையும் பாருங்கள். பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அதட்டல் எல்லாம் கரகரத்த குரலில்தான் வருகிறது. மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய படம் முழுவதும் வாயே திறப்பதில்லை. அதிகாரம் செய்கிறவனுக்குத் தொண்டையில் சத்தம் இல்லை, சத்தம் உள்ளவள் பேச மறுக்கிறாள். இதற்கு மேல் வயலினும் மேளமும் வைத்திருந்தால் அந்த மௌனத்தின் பிடிவாதம் நமக்குக் கேட்டிருக்காது. நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தம்பி. அவர்களுக்குப் படம் பிடிக்காமலே போகலாம். ஆனால் பேச்சு "மியூசிக் இல்ல" என்பதோடு நிற்காது.

எந்தப் படத்துக்கும் இதே முறைதான். முதலில் ஒரு காட்சியைக் குறிப்பாக எடுங்கள். அதில் கண்டதையும் கேட்டதையும் இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். அது உங்களை என்ன செய்தது என்பது அதற்குப் பிறகு. பெரும்பாலானோர் தீர்ப்பில் தொடங்கி, நேரே கதைச் சுருக்கத்துக்குப் போய், அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கதையை நான்கு வசனத்துக்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பைப் படம் பார்த்த இரவே எழுதிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் போனால் யூடியூபில் யாரோ சொன்னது எது, நமக்கே தோன்றியது எது என்று பிரிக்க முடியாமல் போகும். விமர்சன வீடியோவைப் பார்ப்பதாக இருந்தால் குறிப்பு எழுதிய பிறகு பாருங்கள்.

தேயிலைத் தோட்டத்தைக் காட்டும் படங்கள் வருகின்றன. பிள்ளைகளுக்குக் காட்டிக் கலந்துரையாட விரும்புகிறேன். எவற்றைத் தேர்ந்தெடுப்பது? எதைக் கவனிக்கச் சொல்வது?
– ஆசிரியை, பண்டாரவளை

பாலாவின் 'பரதேசி' (2013), லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023) ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. மூன்றும் ஒரே மலையைப் பற்றியவை அல்ல என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், டீச்சர்.

'பரதேசி' தமிழகத்து மலைத்தோட்டங்களின் வெள்ளையர் காலக் கதை. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அதற்கு அடிப்படை. கங்காணியின் பேச்சை நம்பி ஊரே நடந்து மலைக்குப் போவதும், கணக்குத் தீராமல் அங்கேயே மாட்டிக்கொள்வதும் நமது கொள்ளுப்பாட்டன் காலத்துக் கதைகளோடு ஒத்துப்போகும். ஆனால் இலங்கை மலையகத்து நம்மவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். பாதை, சட்டம், பின்னாளில் வந்த குடியுரிமைச் சிக்கல் எல்லாமே வேறு. அந்தப் படத்தின் உடைகளுக்காகப் பூர்ணிமா ராமசாமிக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. கிராமத்தில் இருக்கும்போது துணி எப்படி இருக்கிறது, மலையில் நாளாக ஆக எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சொன்னால், பிள்ளைகள் தாங்களாகவே பலவற்றைக் கண்டுபிடிப்பார்கள்.

'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் வருவது ஏலக்காய். கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு மூட்டை சுமக்கும் ரங்கசாமியின் கதை. அவராக நடித்த அன்ரனியின் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். மலையில் வளர்ந்தவர் இறக்கத்தில் முழங்காலைச் சற்று மடக்கி, குதிக்கால் ஊன்றி இறங்குவார். சமதரையில் வளர்ந்தவர் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துத் தடுமாறுவார். இது நடிப்பா, பழக்கமா என்பதை நமது பிள்ளைகள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். சென்னையில் இருந்து எழுதும் விமர்சகருக்கு அந்தக் கண் கிடையாது.

'பரடைஸ்' இங்கேயே நடக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் மலையாளத் தம்பதியின் பொருட்கள் களவு போகின்றன. சந்தேகத்தின் பேரில் தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் பொலிஸாரிடம் சிக்குகிறார்கள். பூசான் திரைப்பட விழாவில் 2023இல் கிம் ஜிசோக் விருது பெற்ற படம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுங்கள். யார் எந்த மொழியில் பேசுகிறார்கள், யாருக்காக யார் மொழிபெயர்க்கிறார்கள், எந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் போகிறது என்று குறிப்பெடுக்கச் சொன்னால் ஒரு முழுப் பாட நேரத்துக்கு விஷயம் இருக்கிறது.

இனி, கொழுந்து பறிக்கும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் பார்க்க வேண்டியவை. அனுபவம் உள்ள கை இரண்டு இலையும் மொட்டும் சேர்ந்த கொழுந்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வளைத்து ஒடிக்கும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும். கண் அடுத்த கொழுந்தில் இருக்கும். கை நிறைந்த பிறகே தோளுக்கு மேலால் கூடைக்குப் போகும். நடிகை ஒவ்வொரு இலையாகப் பார்த்துக் கிள்ளி, ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டால், படப்பிடிப்புக்கு முன் ஒரு நாள்கூட மலையில் நின்று பழகவில்லை என்று அர்த்தம். அடுத்தது பாரம். தலைக்கயிற்றில் 10 கிலோ தொங்கினால் கழுத்து முன்னுக்கு வரும், அடி சிறிதாகும், சிரித்துத் திரும்பிப் பார்க்க முடியாது. வெறுங்கூடையோடு நடிப்பவரின் கழுத்து நேராக நிற்கும். காலை நேரக் காட்சி என்றால் இடுப்பில் படங்கு (நனையாமல் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு) இருக்கிறதா, பனியில் சேலைக்கரை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல படங்களில் சூரியன் உச்சிக்கு வந்த பிறகு எடுத்துவிட்டு, காலை என்று காட்டுவார்கள். செடியின் அடியில் விழும் குறுகிய நிழல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவை சின்னப் பிழைகள்தானே என்று சிலர் நினைக்கலாம். எமக்கு அப்படித் தோன்றவில்லை. நாளுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பெயர் (முழு நாள் சம்பளம்) என்று நிற்கிற வேலையை விளையாட்டுப் போலக் காட்டினால், சம்பளக் கோரிக்கையும் பார்ப்பவருக்கு விளையாட்டாகத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் அப்பா எம்.ஜி.ஆர்., சித்தப்பா சிவாஜி. யார் சிறந்த நடிகர் என்று எப்படித்தான் முடிவு செய்வது? எம்.ஜி.ஆர். பிறந்தது எங்கள் ஊர் என்பது உண்மைதானா?
– வாசகி, நாவலப்பிட்டி

கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17ஆம் திகதி பிறந்தார் என்பதே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. தகப்பனார் காலமான பிறகு குடும்பம் கும்பகோணம் போனது.

விருதுகளை வைத்து இந்த வழக்கு தீராது. சிவாஜிக்கு 1960இல் கெய்ரோ ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது. எம்.ஜி.ஆருக்கு 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்துக்காக இந்திய தேசிய விருது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கேடயம் இருக்கிறது.

ஒரே வகைக் காட்சியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாள் சண்டை என்றால் எம்.ஜி.ஆரின் கால் வைப்பைப் பாருங்கள். சிலம்பம் பழகிய உடம்பு என்பதால் வெட்டுக்கு முன் எடை பின்காலுக்குப் போவது தெளிவாகத் தெரியும். அதனால் அவர் சண்டையில் கமராவை நிறுத்தாமல் நீண்ட ஷொட் வைக்க முடிந்தது. துயரச் செய்தி கேட்கும் காட்சி என்றால் சிவாஜியின் 'முதல் மரியாதை' (1985) பாருங்கள். குரலை உயர்த்தியே பழகிய நடிகர், அந்தப் படத்தில் வாய்க்குள்ளேயே பேசி நிறுத்துகிறார். "சிவாஜி என்றால் ஓவர் அக்டிங்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள்.

எம்.ஜி.ஆரின் வசன உச்சரிப்பைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு திருத்தம். 1967 ஜனவரி 12ஆம் திகதி அவர் கழுத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அதற்குப் பின் குரல் மாறிவிட்டது. அந்த நேரத்தில் படப்பிடிப்பில் இருந்த 'காவல்காரன்' படத்தில் இரண்டு குரலையும் கேட்கலாம். ஆகவே குரலைப் பற்றிப் பேசும்போது 67க்கு முந்திய படமா, பிந்திய படமா என்று கேட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். சித்தப்பா இதை ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறோம்.

டிவியில் படம் பார்த்தால் பேச்சு கேட்பதே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் லயமே (தோட்டத்து வரிசை வீடுகளே) அதிர்கிறது. பக்கத்து வீட்டில் திட்டுகிறார்கள். டிவி பழுதா?
– வாசகர், தலவாக்கலை

டிவியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. திரையரங்குக்காகச் செய்யப்படும் 5.1 ஒலியில் பேச்சு முழுவதும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். டிவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. ஆறு தடத்தையும் இரண்டுக்குள் அமுக்கும்போது இசையும் வெடிச்சத்தமும் பேச்சின் மேல் ஏறிவிடும். இப்போதைய மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் கீழ் நோக்கியோ பின் நோக்கியோ இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் படம் ஓடும் செயலியில் ஒலி மொழி தெரிவுக்குப் போங்கள். தமிழ் 5.1, தமிழ் என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததைத் தெரிவு செய்யுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அடுத்து டிவியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' அல்லது 'ஸ்டீரியோ' வையுங்கள். 'கிளியர் வொய்ஸ்', 'நைட் மோட்' என்று ஏதாவது இருந்தால் போடுங்கள். முதலாவது பேச்சொலியைத் தூக்கிக் காட்டும், இரண்டாவது பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னச் சத்தத்தை உயர்த்தும். 'சரவுண்ட்' என்ற பெயரில் எது இருந்தாலும் நிறுத்துங்கள். டிவி மேசையின் உட்புறம் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் விளிம்புக்கு இழுங்கள். லயத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தால் பாஸ் சத்தம் சுவர் வழியாகவே அடுத்த காம்பராவுக்குப் போகும். மேசையில் வைத்து, கீழே ஒரு தடித்த ரப்பர் துண்டு போடுங்கள்.

அமைப்புகளுக்குள் போயிருக்கும்போதே படத்தையும் சரி செய்துவிடுங்கள். 'மூவி' அல்லது 'சினிமா' மோட் போடுங்கள். 'மோஷன்' என்று தொடங்கும் மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வினாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்துக்கு இடையில் டிவி தானே சட்டங்களைச் செய்து செருகுவதால்தான் சினிமா, நாடகத் தொடர் போலத் தெரிகிறது. ஒளிப்பதிவைக் குறை சொல்லி வந்த இரண்டு கடிதங்களுக்கும் இதுவே பதிலாக இருக்கலாம்.

'மெய்யழகன்' பார்த்து அம்மா அழுதார், அண்ணன் தூங்கிவிட்டார். நீளம் கூடத்தானே?
– வாசகி, மாத்தளை

எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 செப்டெம்பரில் வெளியாகிச் சில நாளில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எமது கணிப்பில் வெட்டியது நட்டம். இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் கதைக்கு அந்த அலைச்சல் தேவை. யார் இவன் என்று நினைவுக்கு வராமல் அரவிந்த் சுவாமி தவிக்கும் தவிப்பு நமக்கும் நீண்டால்தான் கார்த்தியின் அன்பு உறுத்தும். அம்மாவின் பக்கம் நிற்கிறோம்.

எங்கள் இளைஞர் கழகம் தோட்டத்து மண்டபத்தில் மாதம் ஒரு படம் போட்டு, முடிந்ததும் கலந்துரையாடல் வைக்க நினைக்கிறது. புரொஜெக்டர் வாங்க எவ்வளவு லூமன் வேண்டும்? வேறு என்ன கவனிக்க வேண்டும், அண்ணே?
– கழகச் செயலாளர், மஸ்கெலியா

60, 70 பேருக்கு 3 மீற்றர் அகலத் திரை போதும். 16:9 அளவில் உயரம் 1.7 மீற்றர் வரும். சினிமாஸ்கோப் படத்தில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக 1.25 மீற்றர்தான் படம் நிற்கும். திரையின் கீழ் விளிம்பைத் தரையில் இருந்து 1.2 மீற்றர் உயர்த்திக் கட்டுங்கள். கதிரை போட்டால் முன்வரிசைத் தலை மறைக்காது. சின்னப் பிள்ளைகள் முன்னால் பாயில் இருக்கட்டும். சாதாரண புரொஜெக்டர் 3 மீற்றர் படத்துக்குச் சுமார் 4.5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். வாங்கு முன் 'த்ரோ ரேஷியோ' (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது) எவ்வளவு என்று கேளுங்கள். 1.5 என்றால் இந்தக் கணக்கு சரி.

லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. அதில் ஏமாறாதீர்கள். மலிவுப் பெட்டிகளில் 9000, 12000 லூமன் என்று அச்சடித்திருப்பார்கள். தர முறைப்படி அளந்த 'ஏ.என்.எஸ்.ஐ. லூமன்' எவ்வளவு என்பதே கேள்வி. முழு இருட்டு மண்டபத்தில் இந்த அளவுத் திரைக்கு 1000 போதும். யன்னலை முழுதாக அடைக்க முடியாது என்றால் 3000 வேண்டும். புரொஜெக்டரைத் தரையில் வைத்து மேல் நோக்கிச் சாய்த்தால் படம் மேலே அகன்று கீழே ஒடுங்கும். அதைப் பொத்தானால் திருத்தலாம், ஆனால் கூர்மை குறையும். மேசை மேல் மேசை வைத்து, லென்ஸைத் திரையின் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவருவதே நல்லது.

மலைநாட்டுக்கென்று ஒரு தொல்லை உண்டு. குளிரில் கொண்டுவந்த புரொஜெக்டரை ஆள் நிறைந்த மண்டபத்தில் உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் மண்டபத்துக்குள்ளேயே விடுங்கள். படிந்துவிட்டால் துணியால் துடைக்க வேண்டாம், தானாகப் போகும் வரை பொறுங்கள். விளக்குப் பொருத்திய புரொஜெக்டர் என்றால் யூ.பி.எஸ். அவசியம். மின்சாரம் திடீரென நின்றால் விசிறியும் நின்று, விளக்கு சூட்டிலேயே ஆயுளை இழக்கும். 300 வொட் பெட்டிக்கு 1000 வி.ஏ. யூ.பி.எஸ். இருந்தால் ஒழுங்காக அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும்.

படத்தைவிட ஒலியில்தான் இப்படியான காட்சிகள் தோற்கின்றன. கோயில் திருவிழா ஹோர்னைக் கட்டாதீர்கள். பேச்சு தகரத்தில் தட்டியது போலாகும். பெட்டி ஸ்பீக்கர் இரண்டைத் திரையின் இரு பக்கமும், உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்தில் வையுங்கள். லெப்டொப்பில் இருந்து வரும் வயரை எம்ப்ளிஃபயரின் 'மைக்' துளையில் செருகுவது வழமையான பிழை. அந்தத் துளை மைக்கில் இருந்து வரும் மெல்லிய மின்சைகைக்கானது, குரல் உடைந்து வரும். 'லைன்' அல்லது 'ஒக்ஸ்' துளையில் செருகுங்கள். லெப்டொப் சத்தத்தை முக்கால்வாசியில் நிறுத்தி, மீதியை எம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள். "ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எல்லாவற்றையும் ஒரே பலகையில் இருந்து மின்சாரம் எடுங்கள். வெறும் சீமெந்துச் சுவர் எதிரொலிக்கும். பின்சுவரில் பழைய கம்பளிகளை விரல் அகல இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் பேச்சு தெளியும்.

தகரக் கூரையில் அடைமழை பெய்தால் எந்த ஸ்பீக்கரும் பயன்படாது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அந்த மாதங்களில் ஓசை குறைந்த படங்களைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரைக்கு ஒதுக்குங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக் கழகங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரைதான் வரண்ட காலம்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. ஓ.டி.டி. சந்தா வீட்டுப் பாவனைக்கு மட்டுமானது. மண்டபத்தில் போட்டால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறுக்கே நிற்கும். களவுப் பிரதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உரிமையாளரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். தொடக்கத்துக்கு உள்ளூர் இளைஞர்கள் எடுத்த குறும்படங்கள் நல்லவை. அனுமதி எளிதாகக் கிடைக்கும், எடுத்தவரையே கலந்துரையாடலுக்கு அழைக்கலாம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று படம் தொடங்கு முன் அறிவது எப்படி?
– இரு பிள்ளைகளின் தாய், கொட்டகலை

இந்தியத் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2024 இறுதியில் இருந்து 'யூஏ' (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய வகை) வயதின்படி மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. அதற்கு முந்திய படங்களில் வெறும் 'யூஏ' மட்டும் இருப்பதால் அதை வைத்து ஏமாற வேண்டாம். 'மகாராஜா' (2024) அப்படி வந்ததுதான். விஜய் சேதுபதி அற்புதமாக நடித்திருக்கிறார், ஆனால் கதையின் மையத்தில் சிறுமி மீதான பாலியல் கொடுமை இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ் வேண்டாம். 'விடுதலை' முதற் பாகம் 'ஏ' (வயது வந்தோருக்கு மட்டும்) சான்றிதழ், சித்திரவதைக் காட்சிகள் உண்டு. 'லப்பர் பந்து'வைக் குடும்பமாகப் பாருங்கள். கிரிக்கெட் தெரியாத பாட்டிக்கும் பிடிக்கும்.

ஒரு நடிகையின் குரல் நடிப்பைப் பாராட்டி எழுதினேன். அது வேறொருவர் குரல் என்று தோழி சொல்கிறாள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– பல்கலைக்கழக மாணவி, பதுளை

தமிழ்ப் படங்களில் இது சர்வ சாதாரணம். '96' (2018) படத்தில் திரிஷாவுக்குக் குரல் சின்மயி. 'அமராவதி' (1993) படத்தில் அஜித்துக்குக் குரல் கொடுத்தவர் விக்ரம். 'பருத்திவீரன்' (2007) படத்தில் பிரியாமணி தன் சொந்தக் குரலிலேயே பேசினார், தேசிய விருதும் பெற்றார்.

எழுதும் முன் படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் பின்னணிக் குரல் யார் என்று பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் காதை நம்புங்கள். மேடேறிக்கொண்டே பேசும் காட்சியில் மூச்சு வாங்கும் சத்தம் வசனத்தோடு சேர்ந்து வருகிறதா? ப, ம எழுத்துகள் வரும் இடத்தில் உதடு மூடுகிறதா? ஒரே நடிகையின் இரண்டு படத்தில் சிரிப்பை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சைப் போலச் செய்வது எளிது, சிரிப்பைப் போலச் செய்வது கடினம். இரவல் குரல் என்று தெரிந்தாலும் உங்கள் பாராட்டு வீணாகாது. உடம்புக்கு ஒருவரையும் குரலுக்கு ஒருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதுங்கள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்துச் சிரித்தோம், அழுதோம். ஆனாலும் மனதில் ஒரு குறை. இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாணம் மட்டும்தானா? நம்மைப் பற்றி யாரும் எடுக்கவில்லையா?
– வாசகர், கம்பளை

உங்கள் குறை நியாயமானது, எமக்கும் உண்டு. 2025 மே மாதம் வந்த அந்தப் படம் நெருக்கடியில் இருந்து தப்பிச் சென்னைக்குப் போகும் குடும்பத்தின் கதை. பேச்சு வழக்கில் சசிகுமாரும் சிம்ரனும் நன்றாகவே உழைத்திருக்கிறார்கள். இரவல் பேச்சு வழக்கைச் சோதிக்க அமைதியான காட்சி உதவாது. கோபம், அவசரம், அழுகை வரும் இடங்களில் வினைமுற்றுகளைக் கேளுங்கள். மனப்பாடம் செய்த வழக்கு முதலில் வழுக்குவது அங்கேதான்.

தமிழகப் படங்கள் மலையகத்தின் பேச்சைப் பிடித்ததே இல்லை எனலாம். தென்மாவட்டத் தமிழுக்கு அருகில் இருப்பதால் "இது நம்ம ஊர்ப் பேச்சுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். பிரட்டுக்களத்திலும் (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பேசுவது, நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்களத்தோடும் துரைமார் ஆங்கிலத்தோடும் கலந்து வளர்ந்த தனிப் பேச்சு. அதை அப்படியே பேசும் கதாநாயகி ஒருத்தி வர வேண்டும். இங்கே முயற்சி நடக்காமல் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்துத் தானே நடித்தார். 1978இல் 'நான் உங்கள் தோழன்' வந்தது. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அந்தப் படங்களை எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். சுவரொட்டி, நுழைவுச்சீட்டு, பாட்டுப் புத்தகம் எது கிடைத்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். மூலத்தை வீட்டிலேயே, ஈரம் படாத தகரப் பெட்டியில் வையுங்கள்.

பாலு மகேந்திராவின் எந்தப் படத்தில் தொடங்குவது?
– வாசகர், ஹப்புத்தளை

'வீடு' (1988). பாட்டு இல்லை, சண்டை இல்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண் கடன் வாங்கிச் சென்னையில் சிறு வீடு கட்டப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது. ஏழு பேர்ச் காணிக்கும் தனி வீட்டுக்கும் காத்திருக்கும் நமக்கு அதில் வரும் சீமெந்துக் கணக்கு ஒவ்வொன்றும் உறைக்கும்.

அடுத்து 'மூன்றாம் பிறை' (1982). ஊட்டி மலைப் பக்கத்துப் படப்பிடிப்பு. இறுதிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில். யன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழுவதையும், மேகமூட்டத்தில் நிழலே இல்லாமல் முகம் மென்மையாவதையும் பாருங்கள். ஹப்புத்தளையில் காலை எட்டு மணிக்கு யன்னலோரம் நிற்பவரின் முகத்தில் தினமும் விழும் வெளிச்சம் அது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பாடசாலைச் சுற்றுலாவில் கித்துள்கலைக்குப் போய், 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பில் டேவிட் லீனைப் பார்த்ததில் இருந்தே தனக்குச் சினிமா ஆசை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஹட்டனில் இருந்து கொழும்புக்குப் போகும் வழியில்தான் அந்த இடம்.

சூரி பிடிக்கும் என்று சொன்னால், "பரோட்டா சூரியா?" என்று கேலி செய்கிறார்கள். பிடித்த நடிகரைப் பற்றிச் சண்டை இல்லாமல் எழுதுவது எப்படி? உங்களுக்கு அனுப்பினால் போடுவீர்களா?
– வாசகர், இராகலை

போடுவோம். 'வெண்ணிலா கபடிக் குழு' (2009) பரோட்டாக் காட்சியிலேயே தொடங்குங்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. கடைக்காரர் கணக்கை மாற்றும் நொடியில் அவர் காட்டும் பிடிவாதத்தைக் கவனியுங்கள். 'விடுதலை'யில் (2023) மேலதிகாரி முன் நிற்கும் குமரேசனுக்கும் அதே பிடிவாதம் இருக்கிறது. அங்கே சிரிப்பு வராமல் செய்தது எது? தோளைக் குறுக்கி, கையை உடம்போடு ஒட்டி, பதிலுக்கு முன் ஒரு நொடி தாமதிப்பதா? இதைக் காட்சி காட்சியாக எழுதினால் கேலி செய்தவரும் திரும்பப் போய்ப் பார்ப்பார். 'பார்க்கிங்' (2023) படத்துக்காக எம்.எஸ். பாஸ்கர் தேசிய விருது பெற்றதையும் சேர்க்கலாம். சிரிக்க வைத்தே பழகிய இன்னொருவர், வாகனம் நிறுத்தும் இடத்துக்கான பொறாமையை எவ்வளவு பயங்கரமாகக் காட்டினார் என்று ஒப்பிடலாம்.

வேறு நடிகரைத் தாழ்த்தி ஒரு வசனமும் வேண்டாம். வசூல் கணக்கு வேண்டாம். அடுத்த படத்துக்கு வாழ்த்துச் செய்தி வேண்டாம். 200 சொல்லில் இருந்து 250 சொல்லுக்குள், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர் மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் வரட்டும். முடிவைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் கடிதத்தின் தலையில் அதைக் குறித்துவிடுங்கள், பக்கத்தில் எச்சரிக்கை போட்டு வெளியிடுவோம்.